ஓதம் ஏறும் முன்

இரவு ஒன்று நாற்பதுக்குப் பைஜு அழைத்தான்.
டேங்கர் காலியா?
காலி என்றேன்.
வண்டியை எடு. அஜ்மான் கோர்,
கண்டல் காட்டுப் பக்கம், மழைநீர்க் குழாய் வாய்.
பூட்ஸ் மறக்காதே.

ஆகஸ்ட்.
கண்ணாடிக்கு வெளிப்புறம் வியர்க்கும் மாதம்.
மழையே இல்லாமல் வைப்பர் போட்டுத்தான் ஓட்டவேண்டும்.

கோர் என்றால் கழி. கடல் உள்ளே வந்துபோகும் வழி.
போய்ச் சேர்ந்தபோது நகராட்சியின் விளக்குக் கம்பத்தடியில்
ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது.
வெளிச்சத்துக்குள் ஒரு மஞ்சள்.
முகத்தில் பூசும் மஞ்சள் இல்லை, சாமந்தி இல்லை.
நான் ராணிப்பேட்டைக்காரன்,
அந்த மஞ்சளை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம்.

முலாம் பூசும் பட்டறை.
தொட்டியின் அடியில் வெல்டிங் விட்டுவிட்டதாம்.
முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

முன்பே வந்தவர்கள் ஆரஞ்சு மிதவைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
பொறியாளர் மோஸா முழங்கால் சேற்றில் நின்று
இது எண்ணெய் இல்லை, கரைந்துவிட்டது,
மிதவைக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கும் என்றாள்
அரபியில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை,
யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதென்று
கையால் ஒருமுறை.
நாலு பத்துக்கு ஓதம் ஏறும்.
ஏறினால் எல்லாம் கண்டலுக்குள்.

மணல் மூட்டைகள்.
மொத்தலிப் கையிலிருந்து குல் ஜமான் கைக்கு,
அவன் கையிலிருந்து நீருக்கு.
எண்ணூறு என்று பிறகு எழுதிவைத்தார்கள்.
நான் எண்ணவில்லை, என் வேலை உறிஞ்சுவது.
ஆறங்குலக் குழாயை இறக்கினேன்.
டம்ளரின் கடைசி டீயை இழுப்பவனின் சத்தம் அதற்கு,
ஆனால் முடியாத டீ.

மூன்று மணிக்கு மடவை மீன்கள்.
கையளவுதான்.
மேலே வந்து வாயைத் திறந்தன
ஏதோ கேட்க வந்த மாதிரி.
பிறகு கேட்கவில்லை.

மோஸா காகிதப் பட்டையை நனைத்து விளக்கில் பிடிப்பாள்,
நிறம் பார்ப்பாள், மணி பார்ப்பாள், எழுதுவாள்.
எங்கள் பக்கம் இதற்கென்று யாரும் நடுராத்திரியில் எழுந்ததில்லை.
மழை பெய்தால் மஞ்சள் வரும்,
ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவார்கள்.
அவசரம் என்பதே ஒரு வசதிதான் போல
என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது முழங்கையில் தெறித்தது.
கழுவினேன். எரிந்தது. திரும்பவும் கழுவினேன்.

நாலு ஐந்துக்கு நீர் நின்றது.
போவதா வருவதா என்று
கழி யோசிப்பது ஐந்து நிமிடம்தான்.
அதற்குள் கடைசி மூட்டை விழுந்தது.
பிறகு ஓதம் வந்து சுவரில் மோதியது
வெளியே தெளிவாக, உள்ளே மஞ்சளாக,
நடுவில் ஒரு விரற்கடைக் கசிவு.
தார்ப்பாய் வரும்வரை
அந்தக் கசிவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான் மொத்தலிப்.
எழு, எழு என்று மோஸா கத்தினாள்.
எழவில்லை.
ஆம்புலன்ஸில் ஏறும்போது தன் தொப்பியைத் தேடினான்.

விடிகிற நேரம்
பட்டறையின் இரவுக் காவலாள் டில்பகதூர் வந்தான்.
வெல்டிங் எல்லாம் விடவில்லை மேடம்.
வியாழக்கிழமை கழிவெடுக்கும் டேங்கர் வரவில்லை.
தொட்டி வாய்வரைக்கும் வந்துவிட்டது.
வால்வைத் திறக்கச் சொன்னார்கள்.
யார்?
அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.
எந்த டேங்கர்?
அவன் என்னைப் பார்க்கவில்லை.
என் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரை
ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

வியாழக்கிழமை நான் ஷார்ஜாவில்
ஒரு வில்லாவின் செப்டிக் டேங்கில் இருந்தேன்.
இருநூறு திர்ஹம் கூடுதல் என்று பைஜு திருப்பிவிட்டான்.
அதில் இருபது எனக்கு.
மத்தியானம் அதில் மந்தி சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

மோஸா படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்து
பேனாவைத் தூக்கிக் காத்திருந்தாள்.
சொன்னேன்.
என் இந்தியில் வியாழன் என்பதை
இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தின் கேட் ஏழு மணிக்குத் திறக்கும்.
வரிசையில் பதினோராவது வண்டி என்னுடையது,
முதுகில் மூவாயிரம் கேலன் மஞ்சள்.
பைஜு அழைக்கிறான்.
மறுபடி அழைக்கிறான்.
வெயில் ஏறிக் கண்ணாடி எப்போதோ காய்ந்துவிட்டது,
வைப்பர் இன்னும்
ஓடிக்கொண்டிருக்கிறது.